முன் இருக்கைக்காக நீக்கிய பெயர்

கவின்,

இதை வேனுக்குள் வைத்துப் பிரிக்காதே. நௌபர் மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எட்டிப் பார்ப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். நீ சொல்லாவிட்டால் கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வருவார். விமானம் ஏறி, பெல்ட்டைப் போட்டு, பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்து முடித்தபிறகு வாசி. எந்த இருக்கையில் இருந்து வாசிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் எடுத்து வைத்த முன் இருக்கையில் இருப்பாயா, இல்லை, கவுண்டரில் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் முழங்காலை மடக்கிக்கொண்டு இருப்பாயா? எதுவானாலும் கடைசிவரை வாசி.

நீ என்னோடு கதைக்காமல் இருக்கிறாய். சாப்பாட்டு மேசையில் 'உப்பு' என்கிறாய், வாசலில் 'போட்டு வாறன்' என்கிறாய். அதைக் கதை என்று சொல்ல ஏலாது. நாளைக்கு மெல்பேர்னுக்குப் படிக்கப் போகிறாய். நீ இப்படியே போய்விடுவாய் என்று பயமாக இருக்கிறது. பயம் என்று எழுதுகிறேன், ஆனால் அது எனக்குள் பயம் மாதிரித் தெரியவில்லை. நெடுநேரம் மடக்கி வைத்திருந்த கால் விறைத்துப்போய், அது என்னுடைய கால்தானா என்று தொட்டுப் பார்ப்பது போல இருக்கிறது. கப்பல் ரேடார் திருத்துகிறவன் நான். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்கு எல்லாம் குழம்பும். எழுதினால் வரிசையாக வரலாம். நீ சினேகிதரிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாய். உன் பெட்டி விறாந்தையில் நிற்கிறது. ஓர்ஸ் ஹில்லில் நம் ஜன்னலால் பார்த்தால் தெரிகிற, மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த அந்தக் கப்பல் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. நல்ல வெயில். அம்மா இருந்தால் உன் உடுப்புகளை இரண்டாவது தடவையும் வெளியே எடுத்து மடித்திருப்பாள்.

உனக்குக் கோபம் வந்ததில் பிழை இல்லை. அம்மா இல்லாமல் ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில் அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வருகிறது. விமானக் கம்பனியின் நீல நிறத் தலைப்புப் போட்டு, ஆங்கிலத்தில்: 'அட்டைக்காரரின் வேண்டுகோளின்படி உங்கள் பெயர் நீக்கப்பட்டுள்ளது.' அட்டைக்காரர் நான். வேண்டுகோள் விட்டவனும் நான். நீ அதை வாசித்துவிட்டு நேரே குசினிக்குள் வந்தாய். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, இது என்ன?"

"இந்தப் போனை எங்கை இருந்து எடுத்தனி?"

"அதை விடுங்கோ. இது என்னெண்டு சொல்லுங்கோ."

"அது சும்மா ஒரு அலுவல். உன்ட சீட்டுக்கு."

"என்ட சீட்டுக்கு அம்மாவை வெட்டினீங்களோ?"

நான் அடுப்பை நிறுத்தினேன். அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். தாளிதம் கருகி வீடு முழுக்க மணத்தது. நீ கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாய். அந்த 'சும்மா ஒரு அலுவல்' என்ன என்பதை இப்போதுதான் சொல்லப் போகிறேன்.

அப்கிரேட் சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டுத்தான் இந்த வீட்டில் நீ வளர்ந்தாய். அது எப்படி வேலை செய்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கப்பல் பழுதாகி நிற்கிற துறைமுகத்துக்கெல்லாம் என் கம்பனி என்னை அனுப்பியது. சிங்கப்பூர், துபாய், மும்பாய், ஒருமுறை பிரேசில் வரைக்கும். எப்போதும் பின்னால் இருக்கிற சாதாரண இருக்கைதான். ஆனால் ஒரே விமானக் கம்பனியில் அடிக்கடி பறக்கிறவனுக்கு அவர்கள் ஒரு அட்டை தருவார்கள். வருடத்தில் போதிய தூரம் பறந்து முடித்தால் அந்த அட்டைக் கணக்கில் ஒரு சான்றிதழ் வந்து விழும். சாதாரண டிக்கெட்டில் போகிற ஒரு ஆளை, ஒரு பயணத்துக்கு மட்டும், முன்னால் இருக்கிற படுக்கக்கூடிய இருக்கைக்குத் தூக்கிவிடுகிற சான்றிதழ். அதற்கு எத்தனையோ கட்டுப்பாடு. ஆக மலிவான டிக்கெட்டுக்குச் செல்லாது. முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். முன்னால் வெறும் இருக்கை இருந்தால்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் காத்திருப்போர் வரிசையில் பெயரைப் போட்டுவிட்டு, கவுண்டர் மூடும்வரை அங்கே இருக்கிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வருடத்துக்குள் பாவிக்காவிட்டால் காலாவதி. எனக்கு இந்த விதிகள் எல்லாம் பிடிக்கும். எந்த விமானம், எந்தக் கிழமை, எந்த நேரம் கேட்டால் கிடைக்கும் என்று கணித்து எடுப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

நௌபர் மாமாவுக்கு அது பெரிய பகிடி. குறிஞ்சாக்கேணியில் இருந்து விடிய வந்து நம்மை ஏற்றிக்கொண்டு போன நாட்களில் எல்லாம் இதே கதைதான்.

"சேர், முன்னுக்கு இரிக்கிறவங்களுக்கு பிளேன் முந்தி இறங்குமா?"

"இல்லை நௌபர், எல்லாருக்கும் ஒண்டாத்தான் இறங்கும்."

"அப்ப என்னத்துக்கு சேர் இந்தப் பாடு? என்ட வேன்லயும் முன் சீட்டு இரிக்கி. சான்றிதழ் ஒண்டும் தேவல்ல. வெத்திலைப் பையத் தள்ளி வெச்சிட்டு இரிங்க."

பின்னால் இருந்து உன் அம்மா சொன்னாள்: "அவருக்கு அது சீட் இல்லை அண்ணை, பரிசு. பள்ளிக்கூடத்தில ஒரு பரிசும் கிடைக்கேல்லை. இப்ப வாங்கிறார்."

அந்த அட்டையில் என்னைத் தவிர இன்னும் ஒரே ஒரு பெயரைப் போட்டு வைக்கலாம். சான்றிதழை நானோ அந்தப் பெயருக்குரியவரோ பாவிக்கலாம், வேறு ஒருவரும் பாவிக்க ஏலாது. அட்டை கிடைத்தபோது நீ பாலர் வகுப்பு. நான் யோசிக்கவே இல்லை, சுகந்தி என்று போட்டேன்.

அவள் அதில் போனது ஒரே ஒரு தடவை. உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னைச் சல்லிக் கிராமத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சிங்கப்பூர் போனோம். எனக்கு அங்கே ஒரு கப்பலில் வேலை. அந்த வருடம் கொஞ்சம் அதிகமாகப் பறந்ததால் சான்றிதழ் இரண்டு கிடைத்திருந்தது. எனக்கொன்று, அவளுக்கொன்று என்று கேட்டு வைத்தேன். கவுண்டருக்குப் போனால் முன்னால் ஒரே ஒரு இருக்கைதான் மிச்சம். அதுவும் அட்டைக்காரன் என்பதால் என் பெயருக்கு விழுந்திருந்தது. சுகந்தியின் பெயர் வரிசையில் அடுத்ததாக நின்றது. நான் அந்தப் பிள்ளையிடம், எனக்கு வேண்டாம், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். நான் விலகினால் அடுத்த பெயருக்குத் தானாகப் போகும், அதுதான் விதி. போனது. எனக்குச் சரியான புழுகம், சிரிப்பை அடக்க ஏலவில்லை. உன் அம்மாவின் கையில் முன் இருக்கைக்கான சீட்டைக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்கள்?"

"நான் பின்னுக்கு."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? ரெண்டு பேரும் ஒண்டாப் போகத்தானே வெளிக்கிட்டனாங்கள்."

"நாலு மணித்தியாலம்தானேப்பா. போய்ச் சுகமாப் படு."

போனாள். விமானம் ஏறி கொஞ்ச நேரத்தில், சாப்பாட்டு வண்டில் எனக்குக் கிட்ட வரமுந்தி, முன்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு அவள் வருகிறாள். கையில் ஒரு துணித் துண்டு, அதற்குள் சூடான பணிஸ் ஒன்றும் வெண்ணெய்க்கட்டி ஒன்றும். எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. சட்டென்று இருந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கதிரையில ஒரு பட்டனை அமத்தினன். கால் ரெண்டும் மேல போட்டுது. இறக்கத் தெரியேல்லை. பக்கத்தில ஒரு வெள்ளைக்காரன், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நல்ல நித்திரை. ஆரைக் கேக்கிறது? மெல்ல உருண்டு இறங்கி வந்தனான்."

பணிப்பெண் பின்னாலேயே வந்துவிட்டாள். அம்மா, உங்கள் இருக்கை முன்னால் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னாள். உன் அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இவர்தான் என் ஆள், உங்கள் கம்பனியில் பாதிச் சீவியம் சீவிக்கிறவர், நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள். பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்கப்பூர் வரைக்கும் முன் இருக்கை வெறுமையாகப் போனது. எனக்கு எரிச்சல். ஒரு வருடம் பறந்து எடுத்த சான்றிதழ் வீணாய்ப் போகிறதே என்று முகத்தை நீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பணிஸைப் பிய்த்துப் பாதியை என் வாய்க்குள் தள்ளினாள். "அங்கை எல்லாம் இருக்கு. கதைக்கத்தான் ஒருத்தரும் இல்லை" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு நித்திரையானாள்.

அதற்குப் பிறகு வந்த சான்றிதழ்களில் சிலதை நான் பாவித்தேன், சிலது காலாவதியானது. பெயர் அப்படியே கிடந்தது.

உன் முழங்காலைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை அதற்குள்ளால்தான் போகிறது. கண்டி வீதியில் கப்பல்துறைக்குக் கிட்ட நீ மோட்டார் சைக்கிளோடு விழுந்து, முழங்காலில் தகடு வைத்து ஆணி அடித்தார்களே, அன்றைக்கு நான் மும்பாயில் ஒரு கப்பலின் மேல்தட்டில் நின்றேன். உன்னோடு வார்ட்டில் இருந்தது அம்மா. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, உன் காலைத் தலையணை வைத்து நீட்டிப் பிடித்துக்கொண்டு, போனில் எனக்குச் சொன்னாள்: "இவனுக்கு இனிக் கனநேரம் காலை மடக்கி வைக்க ஏலாதாம். பஸ்ஸில கண்டிக்குப் போறதெண்டாலும் யோசிக்கவேணும்." நீ மெல்பேர்னில் இடம் கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்ன அன்றைக்கு எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குரல்தான். பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறக்க வேண்டும். சாதாரண இருக்கையில் உன் கால் போகாது.

ஆஸ்பத்திரியில் கழிந்த கடைசி நாளைப் பற்றி நாம் கதைத்ததே இல்லை. அம்மாவின் இரத்தத்தில் தொற்று ஏறிவிட்டது என்று சொன்னபிறகு, எல்லாம் சரியான வேகமாக நடந்தது. அவளுடைய விரலில் ஒட்சிசன் அளக்கிற ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். அது கொஞ்சம் நழுவியிருந்தது. அதனால் திரையில் எண் விட்டு விட்டு வந்தது. நான் அந்தக் கிளிப்பைச் சரியாக மாட்டினேன். வயரை நேராக்கினேன். எண் ஒழுங்காக வரத் தொடங்கியது. நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண் இறங்கியது. நான் திரையைத்தான் பார்த்தேன், அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. நீ அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றப் பக்கம் நின்றாய். செத்தவீட்டில் நீ சித்தியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அப்பா மெஷினைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டவர்." ஓம், அப்படித்தான் நின்றேன். ஒரு கருவி பிழையாகக் காட்டினால் அதைச் சரியாக்குவது என் கை செய்கிற வேலை. அதைச் சரியாக்கினால் மற்றதும் சரியாகும் என்று கை நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அன்றைக்கு விறைத்தது இன்னும் விடவில்லை.

அம்மாவின் முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்து கொஞ்ச நாளில் கம்பனி என்னைச் சிட்டகொங்குக்கு அனுப்பியது. போனேன். விமானம் நிலத்தைத் தொட்டதும் கை போனை எடுத்தது. அம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும்தானே. "டயர் நிலத்தில முட்டின உடன எனக்கு வரவேணும். சூட்கேசை எடுத்துப்போட்டு, டாக்சியைப் பிடிச்சுப்போட்டு அனுப்பிற வேலை இல்லை." அந்தச் செய்தி வரும்வரைக்கும் அவள் சாப்பிடமாட்டாள். ஒரே ஒரு சொல்தான் அனுப்புவேன், 'இறங்கீட்டன்'. 'சரி சாப்பிடுறன்' என்று பதில் வரும். கலியாணம் கட்டின காலத்திலிருந்து அப்படித்தான். சிட்டகொங்கிலும் கை அதை எழுதி அவளுடைய நம்பருக்கு அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. போனை நிறுத்தி பொக்கற்றுக்குள் வைத்தேன். அடுத்த பயணத்திலும் அனுப்பினேன். அதற்கடுத்ததிலும். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் செய்திக்குக் கீழே இரண்டு சரிக்குறி விழுந்திருப்பது தெரிந்திருக்கும். போன் உயிரோடு இருக்கிறது என்பது அதன் கருத்து. இந்தத் தொழில் செய்கிற எனக்கு அது புரியாமல் போயிருக்காது. ஆனால் பார்க்கவில்லை.

பிறகு நான் கம்பனியிடம் சொல்லி, பயணத்தை விட்டுவிட்டு, நம் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களோடு நின்றுவிட்டேன். ஆகவே என் கணக்கில் கிடப்பதுதான் கடைசிச் சான்றிதழ். இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது. இனி வராது. அதை உனக்குப் பாவிக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது, பல மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வேலையில் மனம் பதிந்தது. உன் டிக்கெட்டை மலிவானதில் எடுக்காமல் ஒரு படி மேலே எடுத்தேன், சான்றிதழ் செல்லும்படி. கிழமை நாளில் போனால் முன்பக்கம் வெறுமை அதிகம் என்று கணித்து நாளைக் குறித்தேன். பிறகுதான் அந்த ஒற்றைப் பெயரின் இடத்துக்கு வந்தேன். உன் பெயரைப் போட வேண்டுமென்றால் அங்கே இருக்கிற பெயரை எடுக்க வேண்டும்.

கம்பனிக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் பேசினாள். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன். இரண்டு பெயர் வைத்திருக்க ஏலாதா என்று கேட்டேன். உங்கள் அட்டைக்கு ஒன்றுதான், ஐயா என்றாள். சரி, நீக்குங்கள் என்றேன். காரணம் கேட்டாள். நான் ஜன்னலால் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இனி அவர் என்னோடு பயணம் செய்யமாட்டார்" என்றேன். பிரிந்துவிட்டீர்களா என்று கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள். அதற்கும் அதே வசனத்தைத்தான் திரும்பச் சொன்னேன். நீக்குவது அவருக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். அப்படியானால் நாங்கள் அவருக்கு அறிவித்தல் அனுப்புவோம், அது நடைமுறை என்றாள். சரி என்றேன். அந்தப் போன் அலுமாரிக்குள் எங்கேயோ உயிரில்லாமல் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால் அவர்கள் ஒரு அத்தாட்சிப் பிரதியை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் பெயரை எடுத்திருப்பார்கள். அறிவித்தல் போயிருக்காது. ஆனால் அந்தச் சொல்லை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் அவர்கள்தான் சொன்னார்கள். ஆட்களுக்கு அறிவித்தது சித்தி. கம்பனிக்கு எழுதியபோதுகூட 'குடும்ப நிலைமை காரணமாக' என்றுதான் எழுதினேன்.

நீ குசினிக்குள் வந்ததன் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ சொன்னதில் எனக்கு ஆக நொந்தது அதுதான். கதவைச் சாத்திக்கொண்டு போனவன் திரும்பி வந்தாய்.

"நீங்கள் அனுப்பினது எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. இறங்கீட்டன், இறங்கீட்டன் எண்டு. நான் வாசிச்சனான். சிட்டகொங், துபாய், எல்லாம். நீங்களும் அம்மாவை விடேல்லை எண்டு நினைச்சன்."

"தம்பி..."

"ஒரு சீட்டுக்காக விட்டிட்டியள். எனக்கு அந்தச் சீட் வேண்டாம். ஏர்போட்டுக்கும் நீங்கள் வரத் தேவையில்லை. நௌபர் மாமாவோட போறன்."

நொந்தது என்று எழுதினேனா? ஓம், நொந்தது. அன்றைக்குத்தான் அந்த விறைப்புக்குள் எங்கேயோ ஒரு இடம் குத்தியது.

நீ இல்லாத நேரம் உன் அறைக்குள் போனேன். படிக்கிற மேசைக்குக் கீழே, பௌதிகப் புத்தகங்களுக்குப் பின்னால், அம்மாவின் போன் சார்ஜில் கிடந்தது. இவ்வளவு காலமும் நீ அதை நிறுத்தாமல் வைத்திருந்திருக்கிறாய். ஒரே வீட்டு ஆட்கள், நான் ஒரு பக்கம் அனுப்பிக்கொண்டிருக்க, நீ ஒரு பக்கம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாய். ஒருவருக்கொருவர் ஒரு சொல் சொல்லவில்லை. இப்படி ஒரு தகப்பனும் மகனும்.

அதன்பிறகு நான் கம்பனிக்கு இரண்டாவது தடவை போன் எடுத்தேன். இது உனக்குத் தெரியாது. வேறொரு பெண். நீக்கிய பெயரைத் திரும்பப் போட வேண்டும் என்றேன். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டாள். என் மனைவி இறந்துவிட்டார் என்றேன். சொல்லிவிட்டேன், கவின். தெரியாத ஒருத்தியிடம், ஆங்கிலத்தில்.  அவள், வருந்துகிறேன் ஐயா, அறிவித்தல் போனது எங்களுக்கும் கவலை, உங்களுக்காக மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று லைனில் நிற்க வைத்தாள். திரும்பி வந்து சொன்னாள்: விதிவிலக்காக அவருடைய பெயரைத் திரும்பப் போடலாம். ஆனால் உங்கள் மகனின் பெயரை எடுக்க வேண்டும். அப்படியென்றால் மகனுடைய முன் இருக்கையும் போகும். என்ன செய்யட்டும்?

முதல் தடவை நான் யோசிக்காமல் நீக்கினேன். இந்தத் தடவை யோசித்தேன். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. உன் அம்மா இதை எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள், மகனுக்குக் கொடுங்கோ என்றாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதிரையைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் அங்கே கதைக்க ஆளில்லை என்பதுதான். நான் நினைத்தது அவளுடைய சொல்லை இல்லை. அவள் வார்ட்டில் உன் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்த கையை நினைத்தேன். "வேண்டாம். மகன் இருக்கட்டும்" என்றேன்.

ஆகவே அம்மாவின் பெயரை நான் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். முதலாவதுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் செய்தி அவளுடைய போனுக்கு வந்திருக்கக் கூடாது, அதை நீ தனியாக நின்று வாசித்திருக்கக் கூடாது. இரண்டாவதுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். சுகந்தி இறந்துவிட்டாள். தமிழிலும் எழுதிவிட்டேன். உனக்கு முழங்காலில் தகடு இருக்கிறது, நீ பறக்க வேண்டும்.

நீ ஏற்கெனவே பின்னால் இருந்து வாசிக்கிறாய் என்றால், சரி, அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நட. முன்னால் இருக்கிறாய் என்றால் கூச்சப்படாதே. சூடான துணி ஒன்று தருவார்கள், அது முகம் துடைக்க. காலை மேலே தூக்குகிற பட்டனை அமத்தமுந்தி இறக்குகிற பட்டன் எது என்று பார்த்து வை. தலையணை ஒன்று கூடக் கேட்டு முழங்காலுக்குக் கீழே வை. பக்கத்தில் இருக்கிறவர் முழித்திருந்தால் ஏதாவது கதை. அங்கே படிக்கப் போன இடத்திலும் அப்படித்தான். என்னை மாதிரி இருந்துவிடாதே. நல்லதொன்று கையில் இருந்தால் அதற்குப் பொருத்தமான நாள் வரட்டும் என்று பொத்தி வைத்திருக்காதே. நொந்தால் யாரிடமாவது நொந்தது என்று சொல்.

இன்னும் ஒரு விஷயம். நேற்று நீ போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விடாமல் சார்ஜில் கிடந்ததால் பற்றரி வீங்கி, பின்மூடி எழும்பிப் போயிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் போனே போய்விடும். இன்று காலையில் உன்னைக் கேட்காமல் ரவுண் கடையொன்றுக்குக் கொண்டுபோய் அதே அளவில் புதுப் பற்றரி வாங்கி, நானே மாற்றினேன். மாற்றுகிற கொஞ்ச நேரம் அது இருண்டு கிடந்தது. நான் மூடியை அமத்திப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.  திரும்ப வெளிச்சம் வந்து, திறக்கிற இலக்கம் கேட்டது. அந்த இலக்கம் எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்கவும் மாட்டேன். உள்ளே இருப்பதெல்லாம் நீ பார்த்துக் காத்தவை.

போனை உன் பெட்டிக்குள் வைக்கவில்லை. குசினியில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக்கில் போட்டிருக்கிறேன். உனக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்றிருந்தால், புறப்படமுந்தி நீயே எடுத்திருப்பாய், நான் தடுத்திருக்கமாட்டேன். எடுக்காமல் விட்டிருந்தால் அது அந்த இடத்திலேயே இருக்கும். இனி அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிரம்பியதும் கழற்றுவேன், குறைந்தால் போடுவேன், பற்றரி இனி வீங்காது.

என்னோடு கதைக்க உனக்கு இன்னும் மனம் வராமல் இருக்கலாம். எனக்கு எழுத வேண்டாம். ஆனால் மெல்பேர்னில் டயர் நிலத்தில் முட்டியதும், சூட்கேசை எடுக்கமுந்தி, அம்மாவின் நம்பருக்கு அந்த ஒரு சொல்லை அனுப்பு. நான் குசினியில் நிற்பேன். எனக்கு அதைத் திறக்கத் தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். கேட்டபிறகு சாப்பிடுவேன்.

அப்பா